பண்ணையில் பறவைக்கும் பங்கு கேட்டவர்: யார் இந்த ஆல்டோ லியோபோல்டு?

1935-ம் ஆண்டின் தொடக்கம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கடுங்குளிர். பராபூ என்ற ஊருக்குப் பக்கத்தில், விஸ்கான்சின் ஆற்றை ஒட்டி, கைவிடப்பட்ட ஒரு பண்ணை. மக்காச்சோளம் போட்டுப் போட்டுச் சத்தெல்லாம் உறிஞ்சப்பட்ட மணல் பூமி. குடியிருந்த வீடு எரிந்துபோய் அடித்தளம் மட்டும் மிச்சம். முழுசாக நின்ற ஒரே கட்டடம் ஒரு பழைய கோழிக்கொட்டகை. அதற்குள்ளேயும் எரு குவிந்து கிடந்தது.

யாரும் சீண்டாத அந்த நிலத்தை, 48 வயதுப் பேராசிரியர் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கினார். மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வார இறுதிகளில் அங்கே போனார். எருவை வாரிக் கொட்டினார்கள். கொட்டகைக்குக் கூரை போட்டு, கணப்பு கட்டி, அதையே தங்கும் குடிலாக்கினார்கள். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மரம் நடக் கிளம்பினார்கள்.

அந்தப் பேராசிரியர்தான் ஆல்டோ லியோபோல்டு. இன்று உலகம் முழுக்க வனவியல், சூழலியல் படிக்கிறவர்கள் முதல் வருஷத்திலேயே கேள்விப்படும் பெயர். பொதுவாக அவரைக் காடு காத்தவர் என்றுதான் சொல்வார்கள். ஆனால், அவர் வாழ்க்கையின் பின்பாதி முழுவதையும் பிடித்துக்கொண்டது காடு அல்ல, பண்ணை. மனிதனுக்குச் சோறு போடும் நிலத்தில் காடைக்கும் ஆந்தைக்கும் காட்டுப்பூவுக்கும் இடம் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் அந்தச் செலவை யார் ஏற்பது? இந்தக் கேள்விகளோடுதான் அவர் கடைசிவரை மல்லுக்கட்டினார்.

மேசைக் கம்பெனிக்காரர் மகன்

லியோபோல்டு 1887 ஜனவரி 11 அன்று அயோவா மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் பிறந்தார். மிசிசிப்பி ஆற்றைப் பார்த்த மேட்டில் வீடு. ஜெர்மானிய வழி வந்த குடும்பம். அப்பா கார்ல், எழுதுமேசைகள் செய்யும் கம்பெனி நடத்தியவர். வேட்டைப் பிரியர். ஆனால், கண்டபடி சுடுகிறவர் இல்லை. சட்டம் எதுவும் தடுக்காத காலத்திலேயே, பறவைகள் கூடு கட்டப் போகும் வசந்த காலத்தில் வாத்து சுடுவதைத் தானாகவே நிறுத்திக்கொண்டவர். யாரும் பார்க்காத இடத்திலும் ஒரு வரம்பு வேண்டும் என்ற பாடம் பையனுக்கு அப்பாவிடமிருந்துதான் வந்தது.

யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் படித்து 1909-ல் முதுகலைப் பட்டம் பெற்றார். கையோடு அமெரிக்க வனத்துறையில் வேலை. அரிசோனாவின் அப்பாச்சி தேசிய வனத்தில் குதிரை மேல் சுற்றும் உத்தியோகம். வயது 22.

ஓநாயின் கண்கள்

அங்கே நடந்த ஒரு சம்பவம் பின்னாளில் மிகவும் பிரபலமானது. லியோபோல்டும் கூட்டாளிகளும் ஒரு பாறை விளிம்பில் உட்கார்ந்திருந்தபோது, கீழே ஆற்றைக் கடந்து ஒரு பெண் ஓநாய் குட்டிகளோடு வந்தது. அந்தக் காலத்தில் ஓநாயைக் கண்டால் யாரும் யோசிப்பதில்லை. எல்லோரும் சுட்டார்கள். லியோபோல்டு கிட்டே போய்ப் பார்த்தபோது, சாகும் ஓநாயின் கண்ணில் பச்சையாக ஓர் ஒளி அணைந்துகொண்டிருந்தது.

இதைப் பார்த்து அவர் அன்றே மனம் மாறிவிட்டார் என்று பலர் கதை சொல்வதுண்டு. உண்மை அப்படி இல்லை. ஓநாய், மலைச் சிங்கம் போன்ற இரைகொல்லி விலங்குகளை ஒழித்தால் மான் பெருகும், மான் பெருகினால் வேட்டைக்காரருக்கு நல்லது என்று அதற்குப் பிறகும் பல வருஷம் அவர் வாதாடினார். அதற்காகக் கூட்டங்களில் பேசினார், எழுதினார். ஓநாய் இல்லாத மலைகளில் மான்கள் பெருகி, தழையெல்லாம் தின்று தீர்த்து, கடைசியில் பட்டினியால் செத்ததைப் பல இடங்களில் பார்த்த பிறகுதான் தன் தவறு அவருக்குப் புரிந்தது. அந்த ஓநாயைப் பற்றிய கட்டுரையை அவர் எழுதியது 1944-ல். நடுவில் 35 வருஷங்கள் ஓடிப்போயிருந்தன.

மனசு மாற இவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை அவர் தன்னிடமிருந்தே தெரிந்துகொண்டார். பின்னாளில் விவசாயிகளிடம் அவர் காட்டிய பொறுமைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1912-ல் எஸ்டெல்லா பெர்கெரியைத் திருமணம் செய்தார். அடுத்த வருஷமே ஒரு கண்டம். ஆடு மேய்ப்பவர்களின் தகராறைத் தீர்க்க மலைக்குப் போனவர், மழையிலும் ஆலங்கட்டியிலும் சிக்கினார். திரும்பும்போது உடம்பெல்லாம் வீங்கியிருந்தது. சிறுநீரக அழற்சி. பிழைத்ததே பெரிது. வேலைக்குத் திரும்ப ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

தனியே ஒதுக்கிய காடு போதுமா?

1924-ல் நியூ மெக்சிகோவின் கீலா வனப்பகுதியில் ஏழு லட்சம் ஏக்கருக்கு மேல் சாலையோ கட்டடமோ வராத காடாக அப்படியே விடப்பட்டது. அமெரிக்க வனத்துறை அப்படி ஒதுக்கிய முதல் பகுதி அது. அதற்கு யோசனை சொல்லி விடாமல் வாதாடியவர் லியோபோல்டுதான்.

அதே ஆண்டு விஸ்கான்சினின் தலைநகர் மேடிசனுக்கு மாற்றலாகி வந்தார். மரப்பொருள் ஆய்வுக்கூடத்தில் மேலாளர் நிலைப் பதவி. மனசு ஒட்டவில்லை. 1928-ல் அரசு வேலையை உதறினார். துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர் சங்கம் பணம் கொடுக்க, நடுமேற்கு மாநிலங்களில் காட்டுயிர் நிலைமை என்ன என்று கணக்கெடுக்கப் புறப்பட்டார்.

அந்தச் சுற்றுப்பயணம்தான் அவருடைய பார்வையைத் திருப்பியது. எட்டு மாநிலங்களில் ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடமும் வேட்டைக்காரர்களிடமும் பேசினார். எல்லா இடத்திலும் ஒரே கதை. காடை குறைந்துவிட்டது, புல்வெளிக் கோழி குறைந்துவிட்டது. பலரும் வேட்டைக்காரர்களையே குறை சொன்னார்கள். லியோபோல்டு வேறொன்றைக் கவனித்தார். வேலியோரப் புதர்கள் வெட்டப்பட்டிருந்தன. சதுப்பு நிலங்கள் வடிகால் வெட்டிக் காயவைக்கப்பட்டிருந்தன. தோப்புகளுக்குள் மாடு மேய்ந்து தரை மொட்டையாகியிருந்தது. பண்ணை பார்க்கச் சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தத்தில் ஒரு காடை ஒளிய இடம் இல்லை.

துப்பாக்கியைத் தடை செய்து மட்டும் இதைச் சரிசெய்ய முடியாது. கீலா மாதிரி ஒதுக்கவும் முடியாது. ஏனென்றால் அந்த மாநிலங்களில் நிலம் பெரும்பாலும் விவசாயிகளின் கையில். பறவை பிழைக்க வேண்டுமென்றால் அவர்கள் வயலில்தான் பிழைக்க வேண்டும்.

காடைக்கு என்ன வேணும்?

1933-ல் வந்த 'கேம் மேனேஜ்மென்ட்' என்ற புத்தகத்தில் இதை அவர் அறிவியலாக விளக்கினார். காட்டுயிர் மேலாண்மை என்று இன்று சொல்கிற துறைக்கு அதுவே முதல் பாடநூல்.

விஷயம் எளிமையானதுதான். காடைக்குத் தீனி வேண்டும். பருந்து வந்தால் ஓடி ஒளியப் புதர் வேண்டும். கூடு கட்டப் புல் வேண்டும். பனி கொட்டும்போது ஒதுங்க அடர்த்தியான மறைவு வேண்டும். இவை எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆயிரம் ஏக்கர் மக்காச்சோளம் ஒரு பக்கம், ஆயிரம் ஏக்கர் காடு ஒரு பக்கம் என்று இருந்தால் காடைக்குப் பிரயோஜனம் இல்லை. வயலும் புதரும் புல்லும் தோப்பும் சந்திக்கிற மூலைகள் எத்தனை இருக்கின்றனவோ, அத்தனைக்கத்தனை காடைக் கூட்டங்கள் பிழைக்கும்.

இதில் விவசாயிக்கு ஒரு நல்ல செய்தியும் இருந்தது. பண்ணை முழுவதையும் விட்டுக்கொடுக்க வேணாம். ஏர் ஓடாத மூலை, வேலி ஓரம், ஓடைக்கரை, தோப்பின் விளிம்பு போன்ற துண்டு நிலங்களே போதும். கோடாரி, கலப்பை, மாடு, நெருப்பு, துப்பாக்கி ஆகிய ஐந்தும்தான் காட்டுயிரை அழித்தன. யோசித்துப் பயன்படுத்தினால் அதே ஐந்தையும் வைத்து அதைத் திருப்பிக் கொண்டுவரலாம் என்பது அவருடைய கட்சி.

அதே 1933-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அவருக்காகவே காட்டுயிர் மேலாண்மைக்கு ஒரு பேராசிரியர் பதவியை உருவாக்கியது. அமெரிக்காவில் அப்படிப்பட்ட முதல் பதவி. அது சேர்க்கப்பட்டது விலங்கியல் துறையில் அல்ல, வேளாண் பொருளாதாரத் துறையில்.

ஒரு செம்பு தண்ணீரில் பிறந்த கூட்டுறவு

பேராசிரியர் ஆவதற்கு முன்பே அவர் சோதனையைத் தொடங்கிவிட்டார். 1931-ம் ஆண்டு வாக்கில், மேடிசனுக்குப் பக்கத்தில் ரைலி என்ற கிராமத்தில் வேட்டைக்கு இடம் தேடி நடந்தவர், தாகம் எடுத்து ஒரு பண்ணை வீட்டில் தண்ணீர் கேட்டார். பேச்சு வளர்ந்தது. கேட்காமலேயே நிலத்துக்குள் புகுந்து சுடும் டவுன்காரர்களால் விவசாயிக்குத் தொல்லை. நிலமில்லாத டவுன்காரருக்கோ வேட்டைக்கு இடமில்லை. பறவைகளோ குறைந்துகொண்டே வந்தன. மூன்று பிரச்சினைக்கும் ஒரே வழி கண்டுபிடித்தால் என்ன?

அப்படித்தான் ரைலி காட்டுயிர்க் கூட்டுறவு பிறந்தது. அக்கம்பக்கத்து விவசாயிகள் நிலத்தைக் கொடுத்தார்கள். டவுன் உறுப்பினர்கள் பணமும் தீவனமும் கொடுத்தார்கள். குளிர்காலத்தில் பறவைகளுக்குத் தீனி வைக்கும் இடங்கள் அமைத்தார்கள். மறைவுக்காகப் புதர்களும் ஊசியிலை மரங்களும் நட்டார்கள். அனுமதி வாங்கியவர்கள் மட்டுமே சுடலாம், அதுவும் அளவோடு.

பெரிய அற்புதம் எதுவும் நடந்துவிடவில்லை. சில வருஷம் பறவைகள் கூடின, சில வருஷம் குறைந்தன. ஆனால் கூட்டுறவு உடையவில்லை. விவசாயியும் டவுன்காரரும் வருஷக்கணக்கில் சேர்ந்து வேலை பார்த்தார்கள். அதில் கிடைத்த நட்பைப் பறவைகளின் எண்ணிக்கைக்குச் சமமாகவே லியோபோல்டு மதித்தார்.

ஒரு பள்ளத்தாக்கே பாடசாலை ஆனது

1930-களில் அமெரிக்க விவசாயம் இரண்டு பக்கமும் அடி வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பொருளாதாரப் பெருமந்தம். இன்னொரு பக்கம் மண் அரிப்பு. விஸ்கான்சினின் தென்மேற்கில் இருக்கும் கூன் பள்ளத்தாக்கில் செங்குத்தான சரிவுகளில்கூட ஏர் ஓட்டினார்கள், மாடு மேய்த்தார்கள். மழை பெய்தால் மேல்மண் கரைந்து ஓடைக்குப் போச்சு. சரிவுகளில் ஆள் உயரத்துக்குப் பள்ளங்கள் விழுந்தன.

1933-ல் மத்திய அரசு அந்தப் பள்ளத்தாக்கையே நாட்டின் முதல் மண் அரிப்புத் தடுப்பு மாதிரித் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தது. 90 ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் 400-க்கும் மேற்பட்ட பண்ணைகள் ஒப்பந்தத்தில் சேர்ந்தன. அரசு வேலையாட்கள், வேலிக் கம்பி, விதை, நாற்று எல்லாம் கொடுக்கும். விவசாயி ஐந்து வருஷத்துக்குச் சொன்ன முறைப்படி பயிர் செய்ய வேண்டும். இதில் காட்டுயிர்களுக்கான ஆலோசகராக லியோபோல்டு பணியாற்றினார். அவருடைய மகன்கள் ஸ்டார்க்கரும் லூனாவும்கூட அங்கே வேலை பார்த்தார்கள்.

சரிவின் குறுக்கே பட்டைப் பட்டையாகப் பயிர் மாறியது. ஒரு பட்டை மக்காச்சோளம், அடுத்த பட்டை குதிரைமசால், அடுத்தது தானியம். செங்குத்தான மேல் சரிவுகளிலிருந்து மாடுகளை வெளியேற்றி வேலி போட்டார்கள். பள்ளங்களில் மரமும் புதரும் நட்டார்கள். மண்ணைப் பிடிக்க நட்ட புதரே பறவைக்கு வீடும் ஆனது. மண்ணுக்கு ஒரு திட்டம், காட்டுக்கு ஒரு திட்டம், மாட்டுக்கு ஒரு திட்டம் என்று பிரிக்காமல், ஒரு பண்ணையை ஒரே உடம்பாகப் பார்த்த முயற்சி அது. அந்தப் பகுதியில் பிற்பாடு மண் அரிப்பு வெகுவாகக் குறைந்தது.

காசு நின்றதும் என்னாச்சு?

இங்கேதான் லியோபோல்டுக்கு நெருடியது. தென்மேற்கு விஸ்கான்சினில் ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்ததும் பல விவசாயிகள் லாபம் தந்த முறைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டார்கள். குதிரைமசால் மாட்டுக்குத் தீவனம், அதனால் தொடர்ந்தது. சரிவுகளை மாட்டிடமிருந்து காப்பது பக்கத்து ஊருக்கும் ஓடைக்கும் நல்லது. ஆனால் கைக்கு உடனே காசு வராது. அது நின்றுபோச்சு.

1937-ல் மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. நிலத்தை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்ற விதிகளை விவசாயிகளே எழுதிக்கொள்ளலாம், அரசு தொழில்நுட்ப உதவி தரும். சுமார் பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோது ஒரு மாவட்டம்கூட ஒரு விதியும் எழுதவில்லை என்று லியோபோல்டு வருத்தத்தோடு பதிவு செய்தார்.

விவசாயிகளை அவர் திட்டவில்லை. பெருமந்தத்தில் வங்கிக் கடனோடு தவிக்கிறவரிடம் பறவைக்காக நஷ்டப்படு என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். அவருடைய கவலை வேறு. மண்ணையும் தண்ணீரையும் செடியையும் விலங்கையும் லாப நஷ்டக் கணக்கில் மட்டுமே வைத்தால், கணக்கில் வராததெல்லாம் அழியும். காட்டுப்பூவுக்கும் பாட்டுப் பறவைக்கும் சந்தையில் விலை கிடையாது. ஆனால் அவை இல்லாமல் அந்த நிலம் முழுமையாக இயங்காது. எல்லாவற்றையும் அரசாங்கமே செய்யட்டும் என்று விட்டால் அதற்கு எந்த அரசாங்கத்தாலும் ஈடு கொடுக்க முடியாது. ஆக, நிலத்தை வைத்திருப்பவருக்கு அதன் மேல் ஒரு கடமை உணர்ச்சி வர வேண்டும். இதைத்தான் அவர் நில அறம் என்றார். மனிதன் நிலத்தின் எஜமானன் அல்ல, அங்கே வாழும் பல குடிமக்களில் ஒருவன் என்பது அதன் சாரம்.

வானொலியிலும் விவசாயப் பத்திரிகையிலும்

அறம் பேசிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. வானொலியில் விவசாயிகளுக்காகப் பேசினார். குளிர்காலக் குறுகிய பயிற்சிக்கு வரும் கிராமத்து இளைஞர்களுக்கு வகுப்பெடுத்தார். 1938 முதல் 1942 வரை ஒரு விவசாயப் பத்திரிகையில் சின்னச் சின்னக் கட்டுரைகளாக எழுதினார். அவர் சொன்னவை எல்லாம் ஒரு விவசாயி அடுத்த நாள் காலையிலேயே செய்யக்கூடியவை.

பனி கொட்டும் முன்பே காடைக்குத் தீனி வையுங்கள், தாமதித்தால் கூட்டம் கலைந்துவிடும். தோப்புக்குள் மாட்டை விடாதீர்கள். விட்டால் மரக்கன்றும் வராது, பூவும் வராது, பறவையும் வராது. பொந்து விழுந்த கிழட்டு மரத்தை விறகாக்கிவிடாதீர்கள், அது ஆந்தைக்கும் அணிலுக்கும் வீடு. வெட்டிய கிளைகளை எரிக்காமல் குவித்து வையுங்கள், முயல் ஒதுங்கும். சதுப்பை எரிக்காதீர்கள், எல்லாச் சதுப்பையும் வடிக்காதீர்கள்.

காட்டுப்பூக்களுக்காகவும் அவர் எழுதினார். ஒரு காலத்தில் நடுமேற்கு முழுக்கப் பரந்திருந்த ப்ரெய்ரி புல்வெளியின் கடைசித் துணுக்குகள் ரயில் பாதை ஓரத்திலும் பழைய கல்லறைத் தோட்டத்து மூலைகளிலும்தான் மிஞ்சியிருந்தன. தான் வருஷா வருஷம் பார்த்துவந்த ஒரு கல்லறை மூலையில், சிலிபியம் என்ற உயரமான மஞ்சள் பூச்செடியைச் சாலைப் பணியாளர்கள் வெட்டிவிட்டதை அவர் ஒரு மரணச் செய்தி போல எழுதினார். மேடிசனில் பல்கலைக்கழகத்தின் மரப்பூங்காவில் பழைய புல்வெளியை மறுபடி வளர்க்கும் வேலை 1930-களில் தொடங்கியது. அழிந்த இயற்கையைத் திட்டமிட்டு மீட்கும் முயற்சிகளில் அது முன்னோடி. அதிலும் அவருடைய பங்கு பெரிது.

சொந்த நிலத்தில் பட்ட பாடு

மற்றவர்களுக்குச் சொல்வதைத் தானே செய்து பார்க்கத்தான் அந்த ஆற்றங்கரை நிலம். முதல் அனுபவம் கசப்பு. 1936 வசந்தத்தில் குடும்பமே சேர்ந்து ஆயிரக்கணக்கில் பைன் கன்றுகள் நட்டது. அந்தக் கோடையில் கடும் வறட்சி. பெரும்பாலான கன்றுகள் கருகிப்போயின. அடுத்த வருஷம் மறுபடி நட்டார்கள். மிஞ்சியதை முயல் கடித்தது, மான் கடித்தது. மறுபடியும் நட்டார்கள். 1948 வரை அப்படி நட்ட மரங்கள் 40 ஆயிரத்துக்கும் மேல். பைன் மட்டுமல்ல, அந்த மண்ணுக்கே உரிய மரங்களையும் புதர்களையும் புல்லையும் பூவையும் தேடிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். தண்ணீர்க் குழாய் இல்லை, மின்சாரம் இல்லை. வேலையும் விளையாட்டும் அதுதான்.

விடியும் முன்பே எழுந்து, காபிக் குவளையோடு வெளியே உட்கார்ந்து, எந்தப் பறவை எத்தனை மணிக்குப் பாடத் தொடங்குகிறது என்று குறிப்பெடுப்பது லியோபோல்டின் வழக்கம். எந்தப் பூ எந்தத் தேதியில் மலர்ந்தது, வாத்துக்கூட்டம் எப்போது திரும்பியது என்று எல்லாம் நோட்டில் ஏறியது. அந்தப் பழக்கத்தை மகள் நினா பல பத்தாண்டுகள் தொடர்ந்தார். அப்பா எழுதியதையும் மகள் எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், வசந்தத்தின் பல அடையாளங்கள் முன்பைவிடச் சீக்கிரமே வருகின்றன என்று 1999-ல் காட்டினார்கள். பருவநிலை மாறுவதற்கு ஒரு விவசாய நிலத்தின் நாட்குறிப்பே சாட்சி ஆனது.

மான் பிரச்சினையில் கெட்ட பெயர்

1943-ல் மாநில இயற்கைவளப் பாதுகாப்பு ஆணையத்தின் உறுப்பினரானார். விஸ்கான்சின் காடுகளில் மான் அளவுக்கு மீறிப் பெருகி, இளங்கன்றுகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. பெண் மான்களையும் சுட அனுமதித்து எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னார் லியோபோல்டு. பெரிய எதிர்ப்பு கிளம்பியது. மானைக் காப்போம் என்று அவருக்கு எதிராகத் தனியாக ஒரு பத்திரிகையே வந்தது. காட்டுயிருக்காக வாழ்ந்தவர் மானின் எதிரி என்று பெயர் வாங்கினார். ஒரு காலத்தில் தானும் மானை மட்டுமே பார்த்து மலையைப் பார்க்காமல் விட்டவர் என்பதால், எதிர்த்தவர்களின் மனசு அவருக்குப் புரிந்தது. ஆனாலும் பின்வாங்கவில்லை.

புகை தெரிந்த காலை

தன் கட்டுரைகளைப் புத்தகமாக்க 1940-களில் அவர் பதிப்பகங்களின் கதவைத் தட்டினார். திரும்பத் திரும்ப மறுப்புதான். நடுவில் முகத்து நரம்பு வலிக்காக 1947-ல் அறுவை சிகிச்சை. கடைசியாக 1948 ஏப்ரல் 14 அன்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்திலிருந்து தொலைபேசி வந்தது. புத்தகம் போடுகிறோம் என்றார்கள்.

அடுத்த வாரம் மரம் நடும் காலம். மனைவியும் கடைசி மகள் எஸ்டெல்லாவும் அவரோடு குடிலில் இருந்தார்கள். ஏப்ரல் 21 காலை, பக்கத்துப் பண்ணையிலிருந்து புகை எழுந்தது. காய்ந்த புல்லில் தீ பரவிக்கொண்டிருந்தது. மூவரும் தீயணைக்க ஓடினார்கள். அணைக்கும் வேலையின் நடுவே லியோபோல்டுக்கு மாரடைப்பு. அங்கேயே உயிர் பிரிந்தது. வயது 61. பர்லிங்டனில், பிறந்த ஊர் மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள்.

மகன் லூனா பதிப்பு வேலையை முடிக்க, 1949-ல் 'ஏ சாண்ட் கவுண்டி அல்மனாக்' வெளியானது. அல்மனாக் என்றால் நம் பஞ்சாங்கம் மாதிரி. ஜனவரி முதல் டிசம்பர் வரை அந்த மணல் பண்ணையில் மாதா மாதம் என்ன நடக்கிறது என்று தொடங்கி, நில அறத்தில் முடியும் புத்தகம். ஆரம்பத்தில் விற்பனை சுமார்தான். சுற்றுச்சூழல் உணர்வு பரவிய 1960-களின் பிற்பகுதியில் மலிவுப் பதிப்பு வந்ததும் பிய்த்துக்கொண்டு போனது. இதுவரை 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்று, பல மொழிகளுக்குப் போயிருக்கிறது.

பிள்ளைகள் ஐந்து பேருமே இயற்கை ஆய்விலோ பாதுகாப்பிலோ பெயர் பெற்றார்கள். அவர்களில் ஸ்டார்க்கர், லூனா, எஸ்டெல்லா ஆகிய மூவர் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்.

இன்று என்ன மிச்சம்?

அவர் சொன்னதெல்லாம் அப்படியே நிலைத்துவிடவில்லை. வயலும் காடும் சந்திக்கும் விளிம்புகளைக் கூட்டுவது காடைக்கு நல்லது. ஆனால் அடர்காட்டின் உள்ளே கூடு கட்டும் பறவைகளுக்கு அதே விளிம்புகள் ஆபத்து, கூடு திருடும் எதிரிகள் அந்த வழியாகத்தான் உள்ளே வருகின்றன என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. இயந்திரங்கள் பெரிசாகப் பெரிசாக, அவர் காப்பாற்றச் சொன்ன வேலியோரங்கள் நடுமேற்கில் மேலும் மறைந்தன. கணக்கில் வராததற்கு யார் செலவு செய்வது என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. பண்ணையில் கொஞ்சம் நிலத்தைப் பறவைக்கும் பூச்சிக்கும் விடும் விவசாயிக்கு அரசு பணம் தரலாமா, தந்தால் எத்தனை வருஷத்துக்கு என்று பல நாடுகள் இன்றும் விவாதிக்கின்றன.

இன்னொரு பக்கத்தையும் பார்க்கணும். 1930-களில் விஸ்கான்சினில் சாண்ட்ஹில் பெருங்கொக்குகள் சில டஜன் ஜோடிகள் அளவுக்குத்தான் இருந்தன. சதுப்புகள் காய்வதோடு அவையும் போய்விடும் என்று பயந்து 1937-ல் லியோபோல்டு ஓர் இரங்கற்கட்டுரையே எழுதினார். அந்த விஷயத்தில் அவர் கணிப்பு பொய்த்தது. வேட்டைத் தடையும் சதுப்புப் பாதுகாப்பும் சேர்ந்து கைகொடுக்க, இன்று அந்த மாநிலத்தில் பெருங்கொக்குகள் பல்லாயிரக்கணக்கில். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தெற்கே பறப்பதற்கு முன் அவை கூட்டம் கூட்டமாக வந்து இரவு தங்கும் இடங்களில் ஒன்று, லியோபோல்டின் பழைய பண்ணையை ஒட்டிய ஆற்று மணல் திட்டு.

அந்தக் கோழிக்கொட்டகை இன்னும் அங்கேயே நிற்கிறது. 2009-ல் அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். சுற்றிலும் அவரும் குடும்பமும் நட்ட பைன் மரங்கள் வளர்ந்து ஓங்கி நிற்கின்றன.